ஆபிரிக்காவின் மழையும் கணினியின் மழையும்

மழையை அளப்பதும் மழையை விளக்குவதும் இருவேறு கருமங்களாகும். அளப்பதற்கு ஒரு மழைமானி போதும். விளக்குவதற்கோ கடல், காற்று, மலை, மண் ஆகியன ஒன்றோடொன்று கொண்டுள்ள தொடர்பு முழுவதையும் அறிந்திருத்தல் வேண்டும். இவ்விரண்டாவது கருமத்தைக் கணினியின் துணைகொண்டு நிறைவேற்றும் முயற்சி அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெற்று வருகின்றது. அம்முயற்சியின் விளைவே காலநிலை மாதிரியுருக்கள். புவியின் சராசரி வெப்பநிலை பற்றி இவை கூறியவை பெரும்பாலும் மெய்ப்பிக்கப்பட்டுள்ளன. மழைவீழ்ச்சியைப் பொறுத்தவரை நிலைமை அத்துணைத் தெளிவானதன்று. இதனை நன்கு காணத்தக்க இடம் ஆபிரிக்காக் கண்டமாகும்.

அக்கண்டத்தின் மழைவீழ்ச்சியை மாதிரியுருக்கள் எந்த அளவுக்குச் செம்மையாகக் காட்டுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எத்தனை மில்லிமீற்றர் கூடிற்று, எத்தனை குறைந்தது என்ற கணக்கோடு இவ்வாராய்ச்சி நின்றுவிடுதல் தகாது. பிழையான வழியிற் சென்று தற்செயலாகச் சரியான விடையை எழுதிய மாணவனுக்குக் கணித ஆசிரியர் முழுப் புள்ளியும் வழங்குவதில்லை. மாதிரியுருவுக்கும் இந்நியாயம் பொருந்தும். அது காட்டும் மழை எக்காரணத்தாற் பெய்கின்றது என்று கேட்டறிந்த பின்னரே, எதிர்காலம் பற்றி அது கூறுவதை எடைபோடல் வேண்டும். ஆபிரிக்க மழை பற்றிய மதிப்பீடுகள் பலவற்றில் இக்கேள்வி பின்தள்ளப்பட்டமையே குறையாகத் தோன்றுகின்றது.

மாதிரியுருவின் இயல்பு

1922 இல் லூயிஸ் ஃபிரை ரிச்சட்சன் வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, எண்கணிப்பின் மூலம் வானிலையை எதிர்வுகூறும் முறையை நூலாக வெளியிட்டார். 1967 இல் சியுகுரோ மனாபேயும் றிச்சட் வெதரால்டும், வளிமண்டலத்திற் காபனீரொட்சைட்டு இருமடங்கானால் புவி எவ்வளவு வெப்பமடையும் என்பதைக் கணித்தனர். பௌதிகவியலுக்கான 2021 ஆம் ஆண்டின் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டோருள் மனாபேயும் ஒருவர். எனவே இத்துறையின் சாதனையைக் குறைத்து மதிப்பிடுவார் எவருமிலர். இன்றைய மாதிரியுருக்கள் யாவும் இவ்வழியில் வந்தவையே: இயக்கம், திணிவு, சக்தி ஆகியவை பற்றிய பௌதிக விதிகளைப் புவியின் மீது பரப்பப்பட்ட கட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் பிரயோகித்து, காற்றும் நீராவியும் ஒரு கட்டத்திலிருந்து மறு கட்டத்துக்குச் செல்லும் விதத்தை அவை கணிக்கின்றன.

இடர்ப்பாடு கட்டத்தின் பருமனிலேயே தோன்றுகின்றது. உலகளாவிய மாதிரியுருக்களிற் பெரும்பாலானவற்றில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 100 முதல் 200 கி.மீ. வரை நீள்கின்றது. இடிமுகிலோ சில கிலோமீற்றர் அகலமே உடையது. ஆகவே அது கட்டத்தினுள் மறைந்துவிடுகின்றது. தரையில் வெப்பமடைந்த வளி மேலெழுந்து குளிர்ந்து மழையாகும் மேற்காவுகைச் செயன்முறையை மாதிரியுரு நேரடியாகக் கணிக்க முடியாமையால், கட்டத்தின் சராசரி வெப்பநிலையையும் ஈரப்பதனையும் கொண்டு 'இந்நிலையில் இவ்வளவு மழை பெய்திருக்கும்' என்று ஊகிக்கும் சூத்திரமொன்று சேர்க்கப்படுகின்றது. இதனைப் பரமானமாக்கல் என்பர். அயனமண்டல மழையிற் பெரும்பங்கு மேற்காவுகையால் விளைவது. எனவே ஆபிரிக்காவுக்கு மாதிரியுருக்கள் வழங்கும் மழையின் பெரும்பகுதி, பௌதிக விதிகளிலிருந்து நேரே பிறந்ததன்று. ஊகச் சூத்திரத்தின் வழி வந்தது.

மலைகளின் கதியும் இதுவே. கமரூன் மலை 4,000 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. அதன் கடலோர அடிவாரத்திலுள்ள டெபுன்ட்சா என்னும் இடம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 மி.மீ. மழை பெறுகின்றது. 150 கி.மீ. பக்கமுடைய கட்டத்தினுள் இம்மலை ஒரு தாழ்ந்த மேடாகச் சமப்படுத்தப்பட்டுவிடும். மலை மறைந்தால், அம்மலை தடுத்து நிறுத்திய காற்றின் மழையும் மறையும்.

ஈரமான வளியை மலை தடுக்காது போயின் அது வேறிடஞ் சென்று பெய்தல் இயல்பு. தென் ஆபிரிக்கப் பிராந்தியத்துக்கு மாதிரியுருக்கள் பொதுவாக மிகை மழையை வழங்குகின்றன. 2018 இல் வெளியான ஆய்வொன்று இதற்கான காரணத்தைத் தேடியது. தன்சானியா, மலாவி பகுதிகளின் உயர்நிலங்கள் மாதிரியுருக்களில் தாழ்ந்திருப்பதால், வடகிழக்கிலிருந்து வரும் ஈரப்பதன் தடையின்றி உள்ளே பாய்கின்றது என்பது அதன் முடிவு. 'இங்கு மழை மிகையாகவுள்ளது' என்பது அவதானிப்பு. 'மலை தாழ்ந்திருப்பதால் மிகையாகவுள்ளது' என்பது விமர்சனம். இரண்டாவதே மாதிரியுருவைத் திருத்தும் வழியைக் காட்டுகின்றது.

சாகேல்: கடலும் தரையும்

சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே, மேற்குக் கரையிலிருந்து கிழக்கு நோக்கிக் கிடக்கும் வரண்ட நிலப்பட்டியே சாகேல் ஆகும். ஆனி முதல் புரட்டாதி வரையான சில மாதங்களிலேயே அதன் ஆண்டு மழை ஏறத்தாழ முழுவதும் பெய்துவிடுகின்றது. 1960களின் பிற்பகுதியில் ஆரம்பித்து 1980கள் வரை நீடித்த பெரும் வரட்சி அப்பிரதேசத்து மக்களையும் மந்தைகளையும் பேரழிவுக்குள்ளாக்கிற்று. இவ்வரட்சியே ஆபிரிக்க மழை பற்றிய மாதிரியுரு ஆய்வுகளுக்கு முதற் களமாக அமைந்தது.

1975 இல் ஜூல் சார்ணி ஒரு விளக்கத்தை முன்வைத்தார். மேய்ச்சலால் புல் அழிந்து வெளிறிய மண் வெளிப்பட, சூரிய ஒளி முன்னரிலும் கூடுதலாகத் தெறிக்கப்படும். அதனால் மேலெழும் வளி தளர்ந்து மழை குன்றும் என்பது அவர் வாதம். இவ்விளக்கம் பழியைச் சாகேலின் மந்தை மேய்ப்போர் மீது சுமத்த இடமளித்தது. 1986 இல் ஃபோலன்ட், பாமர், பாக்கர் ஆகியோர் உலகக் கடல்களின் மேற்பரப்பு வெப்பநிலைக்கும் சாகேல் மழைக்குமுள்ள தொடர்பைச் சுட்டிக்காட்டினர். 2003 இல் அலெசாண்ட்ரா ஜியானினியும் அவர்தம் சகாக்களும், அவதானிக்கப்பட்ட கடல் வெப்பநிலையை மட்டும் ஒரு மாதிரியுருவுக்கு வழங்கி, 1930 முதல் 2000 வரையான சாகேல் மழையின் ஏற்றவிறக்கத்தை அது பெருமளவு மீளக் காட்டுவதை நிறுவினர். வரட்சியின் முதன்மைக் காரணம் தொலைவிலுள்ள கடல்களில் இருந்தது என்றும், தரையின் மாற்றம் அதனை மிகைப்படுத்தியது என்றும் இன்று கொள்ளப்படுகின்றது. ஒரு சமூகத்தின் மீது சுமத்தப்பட்ட பழியை நீக்குதற்கு மாதிரியுரு உதவியமை மனங்கொள்ளத்தக்கது. காரணத்தைக் கேட்கும் ஆய்வின் பயன் இதுவாகும்.

ஆயின் எதிர்காலம் பற்றிய வினா எழுந்தபோது, மாதிரியுருக்களிடையே ஒற்றுமை காணப்படவில்லை. 2005 இல் ஐசக் ஹெல்ட்டும் சகாக்களும், கடந்த நூற்றாண்டின் சாகேல் வரட்சியைக் காட்டிய அமெரிக்க மாதிரியுரு ஒன்று இந்நூற்றாண்டிலும் கடும் வரட்சியையே எதிர்வுகூறுவதாக அறிவித்தனர். அடுத்த ஆண்டில் கெரி குக்கும் எட்வேட் விசியும் மேற்கு ஆபிரிக்கப் பருவக்காற்றை நன்கு காட்டும் மாதிரியுருக்கள் எவையெனச் சோதித்து, மூன்றினைத் தேர்ந்தெடுத்தனர். அம்மூன்றும் மூன்று எதிர்காலங்களைக் கூறின: ஒன்று கடும் வரட்சி என்றது, மற்றொன்று மிகுமழை என்றது, மூன்றாவது மிதமான வரட்சி என்றது.

இம்முடிவு இக்கட்டுரையின் வாதத்துக்கும் ஓர் எல்லையை விதிக்கின்றது. இன்றைய பருவக்காற்றைச் சரியான காற்றோட்டத்துடன் காட்டுதல் அவசியமான தகுதியே. அது போதுமான தகுதியன்று. புவி வெப்பமடையும்போது மழையை மாற்றும் விசைகள் எவை, அவற்றுள் எதற்கு ஒரு மாதிரியுரு கூடிய இடமளிக்கின்றது என்பதும் விசாரிக்கப்படல் வேண்டும். கினிக் குடாவின் வெப்பமும் சகாராவின் வெப்பமும் சாகேல் மழையை எதிரெதிர்த் திசைகளில் இழுப்பனவாகும். மாதிரியுருக்கள் பலவற்றில் தென்கிழக்கு அத்திலாந்திக் சமுத்திரம் மெய்யான அளவிலும் வெப்பங் கூடியதாயுள்ளது. அதனோடு மழைப்பட்டி தெற்கே தங்கிவிடுகின்றது. தொடக்கத்திலேயே இழுபறியின் ஒரு பக்கம் வலுவூட்டப்பட்டிருப்பின், முடிவைப் பற்றி ஐயங் கொள்ளுதல் நியாயமே. 2021 இல் வெளியான, காலநிலை மாற்றம் பற்றிய அரசாங்கங்களுக்கிடையிலான குழுவின் ஆறாவது மதிப்பீட்டறிக்கை, சாகேலின் மத்திய, கிழக்குப் பகுதிகளில் மழை கூடும் எனவும் மேற்கு அந்தத்திற் குறையும் எனவும் கூறுகின்றது. முன்னேற்றம் உண்டு, எனினும் அளவு பற்றிய கருத்து வேறுபாடு நீங்கியபாடில்லை.

கிழக்கு ஆபிரிக்கா: ஒரு முரண்

கென்யா, சோமாலியா, தென் எதியோப்பியா ஆகிய பகுதிகள் ஆண்டில் இரு மழைக்காலங்களை உடையன. பங்குனி முதல் வைகாசி வரை பெய்வது நீண்ட மழை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வது குறு மழை. உலகளாவிய மாதிரியுருக்கள் பொதுவாக நீண்ட மழையைக் குறைத்தும் குறு மழையை மிகைப்படுத்தியும் காட்டுகின்றன. இரு வழுக்களும் எதிர்த்திசையின என்பதால், ஆண்டு மொத்தத்தை மட்டும் ஒப்பிடுவோருக்கு மாதிரியுரு செம்மையானதாகவே தோன்றக்கூடும். விதைக்கும் காலத்தில் மழையின்றி, பிறிதொரு காலத்தில் மிகைமழை பெய்யும் ஓர் ஆண்டை எந்த விவசாயியும் சராசரியான ஆண்டு என்று கொள்ளான்.

இதனிலும் ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. 1980களிலிருந்து ஏறத்தாழ மூன்று தசாப்தங்களாக நீண்ட மழை குன்றி வந்தமை அவதானிக்கப்பட்டது. அதே பருவத்தில் எதிர்காலத்திலே மழை கூடும் என்று மாதிரியுருக்களிற் பெரும்பாலானவை கூறின. இதனைக் கிழக்கு ஆபிரிக்க முரண் என்று ஆய்வாளர் அழைப்பர். பசிபிக் சமுத்திரத்தின் இயல்பான ஊசலாட்டமே வீழ்ச்சிக்குக் காரணம், எனவே முரண் மெய்யானதன்று என்பார் ஒரு சாரார். மாதிரியுருக்களின் அடிப்படை வழுவே காரணம் என்பார் மற்றொரு சாரார். 2019 இல் கரோலைன் வெயின்றைற்றும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இவ்விவாதத்துக்குப் புதிய ஒளி பாய்ச்சிற்று. மழை நாள்களின் கடுமை குறையவில்லை. பருவம் பிந்தித் தொடங்கி முந்தி முடிவடைந்தமையாலேயே மொத்தம் குறைந்தது என்பதை அவர்கள் காட்டினர். மாதிரியுருவிடம் கேட்கவேண்டிய வினாவே இதனால் மாறிவிடுகின்றது. எவ்வளவு மழை என்பதற்கு முன்னர், மழைப்பட்டி மத்தியகோட்டைக் கடந்து எப்போது வருகின்றது, எப்போது அகல்கின்றது என்று கேட்டல் வேண்டும்.

இம்முரண் ஏட்டளவில் நிற்பதன்று. 2020 ஆம் ஆண்டின் குறு மழை தொடக்கம் 2022 ஆம் ஆண்டின் குறு மழை வரை ஐந்து மழைக்காலங்கள் தொடர்ந்து பொய்த்தன. அதன் பின்னர் 2023 இன் இறுதியிலும் 2024 இன் நீண்ட மழைக்காலத்திலும் பெருவெள்ளம் வந்தது. வரட்சிக்கு ஆயத்தமாதல் வேண்டுமா, வெள்ளத்துக்கு ஆயத்தமாதல் வேண்டுமா என்று வினவும் அரசுக்கு, 'சராசரியாகச் சற்றுக் கூடும்' என்ற விடை எவ்வகையிலும் பயன்படாது.

குறு மழைக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்புண்டு. இந்து சமுத்திரத்தின் மேற்குப் பகுதி வெப்பங் கூடியும் கிழக்குப் பகுதி குளிர்ந்தும் இருக்கும் ஆண்டுகளில் கிழக்கு ஆபிரிக்காவின் குறு மழை பெருகுகின்றது. இலங்கையின் பெரும்போகத் தொடக்க மழையும் அவ்வாண்டுகளிற் கூடும் இயல்பினது. ஆகவே அச்சமுத்திரத்தை மாதிரியுரு எவ்வாறு காட்டுகின்றது என்பது நைரோபியில் இருப்போருக்கு மட்டும் உரிய கவலையன்று.

அளவுகோலின் குறை

இதுகாறும் மாதிரியுருவை மெய்யான மழையோடு ஒப்பிட்டு வந்தோம். அந்த மெய்யான மழை எத்துணை உறுதியாக அறியப்பட்டுள்ளது? கொங்கோ வடிநிலம் உலகின் மாபெரும் மேற்காவுகை மையங்களுள் ஒன்று. அங்கு முன்னர் இயங்கிய மழைமானிகளிற் பெருந்தொகையானவை, யுத்தத்தாலும் நிதிப் பற்றாக்குறையாலும் பராமரிப்பின்மையாலும் ஓய்ந்துவிட்டன. 1997 இல் ஏவப்பட்ட அயனமண்டல மழைச் செய்மதி 2015 வரை இயங்கிற்று; 2014 இல் அதன் வழித்தோன்றல் ஏவப்பட்டது. ஆயின் செய்மதி மழையை நேரே அளப்பதில்லை. முகிலிலிருந்து வரும் கதிர்வீச்சையும் ராடர் எதிரொலியையும் கொண்டு மழையை உய்த்துணர்கின்றது. அவ்வுய்த்துணர்வைச் சரிபார்க்க மீண்டும் தரையிலுள்ள மழைமானியே வேண்டும்.

இந்நிலையிற் கொங்கோவின் மழை எவ்வளவு என்பதில் மட்டுமன்றி, வடிநிலத்தின் எப்பகுதி ஈரமிக்கது என்பதிலும் மாதிரியுருக்கள் முரண்படுகின்றன. சில மேற்கிலும் சில கிழக்கிலும் உச்ச மழையைக் காட்டுகின்றன. தீர்ப்பு வழங்குதற்குரிய அளவுகோலே குறைபாடுடையதாகும்போது, மொத்த மழையை ஒப்பிடுதல் மேலும் வலுவிழக்கின்றது. ஈரப்பதன் எச்சமுத்திரத்திலிருந்து எக்காற்றால் வருகின்றது என்ற வினா இங்கும் கைகொடுக்கின்றது. 2021 இல் வட கென்யாவின் துர்க்கானா ஏரிப் பகுதியிற் பலூன்களைப் பறக்கவிட்டு நடத்தப்பட்ட ஆய்வு இதற்குச் சான்று. எதியோப்பிய, கென்ய உயர்நிலங்களுக்கிடையேயுள்ள பள்ளத்தாக்கினூடாக விரையும் தாரைக் காற்றை அது அளந்தது. நடைமுறையிலுள்ள தரவுத் தொகுதிகள் காட்டியதிலும் அக்காற்று வலியது என்பது தெரியவந்தது. ஓர் இடத்தில் சில வாரங்கள் செய்யப்பட்ட அளவீடு, அப்பகுதியின் வரட்சிக்கான காரணத்தை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவிற்று.

சராசரி என்னும் அடைக்கலம்

மாதிரியுருக்கள் முரண்படும்போது, அவை யாவற்றினதும் சராசரியை எடுத்தல் வழக்கமாயுள்ளது. 2009 இல் உலகக் காலநிலை ஆராய்ச்சித் திட்டம் தொடக்கிய பிராந்திய மாதிரியுரு முயற்சி ஆபிரிக்காவுக்கு முன்னுரிமை அளித்தது. ஏறத்தாழ 50 கி.மீ. கட்டங்களையுடைய பத்து மாதிரியுருக்களை ஆராய்ந்து 2012 இல் வெளியான கட்டுரை, அவற்றின் சராசரியானது தனித்தனி மாதிரியுருக்களிற் பெரும்பாலானவற்றை விஞ்சுகின்றது என்று கண்டது. இதனை ஆதாரமாகக் காட்டிச் சராசரியை நம்புவோர் பலர். ஆயின் அக்கட்டுரையே மற்றொன்றையும் கூறிற்று: தனித்தனி மாதிரியுருக்களில் பெரிய வழுக்கள் இருந்தன, அவை எதிரெதிராக அமைந்தமையால் ஒன்றையொன்று நீக்கிக்கொண்டன. நாளின் எவ்வேளையில் மழை பெய்கின்றது என்பதையோ அவற்றுட் பெரும்பாலானவை தவறாகவே காட்டின. மெய்யான மழை பிற்பகலிலும் இரவிலும் உச்சமடைய, மாதிரியுரு மழை நண்பகலை அண்டிப் பெய்தது. சூரியன் தரையைச் சுட்டதும் ஊகச் சூத்திரம் உடனே மழையைப் பெய்வித்துவிடுவதே இதற்குக் காரணம்.

வழுக்கள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்வதும் உண்மை வெளிப்படுவதும் ஒன்றல்ல. எதிரெதிர்ப் பிழைகள் இன்றைய காலநிலையிற் சமப்படலாம். நாளைய காலநிலையிலும் அவ்வாறே சமப்படும் என்பதற்கு உத்தரவாதமில்லை. மேலும், ஒன்று வரட்சி எனவும் மற்றொன்று மிகுமழை எனவும் கூற, சராசரி 'மாற்றமில்லை' என்று கூறும். அவ்விரண்டில் எதுவுமே கூறாத எதிர்காலம் அது.

புதிய முயற்சியும் அதன் எல்லையும்

அண்மைக்கால முயற்சிகளுள் விதந்து கூறத்தக்கது, பிரித்தானிய வானிலை அலுவலகம் ஆபிரிக்கா முழுவதற்கும் 4.5 கி.மீ. கட்டங்களைக் கொண்டு நிகழ்த்திய கணிப்பாகும். இதில் மேற்காவுகைக்கான ஊகச் சூத்திரம் பெரும்பாலும் விலக்கப்பட்டு, இடிமுகில்கள் மாதிரியுருவினுள்ளேயே தோன்றி வளர இடமளிக்கப்பட்டது. மழை பெய்யும் வேளை பெரிதுந் திருந்திற்று. ஓயாத சிறுதூறல் குறைந்து, திரண்டு நகரும் புயல்மழை தோன்றிற்று. 2019 இல் எலிசபெத் கெண்டனும் சகாக்களும் இதனைக் கொண்டு எதிர்காலத்தை ஆராய்ந்தபோது, கடும் மழையின் பெருக்கமும், மழைக்காலத்தினிடையே வரும் வரண்ட இடைவெளிகளின் நீட்சியும், பருங்கட்ட மாதிரியுரு கூறியதிலும் கூடுதலாகக் காணப்பட்டன.

இக்கண்டுபிடிப்பை அவதானிப்போடு இணைத்து நோக்குதல் பயனுடையது. 1982 முதல் சாகேலின் மிகக் கடும் புயல்மழைகளின் எண்ணிக்கை மும்மடங்காகியுள்ளதைக் கிறிஸ்தோபர் டெய்லரும் சகாக்களும் 2017 இல் செய்மதித் தரவுகளிலிருந்து காட்டினர். திரண்டெழும் புயலையே உருவாக்க இயலாத மாதிரியுரு, அப்புயல் கடுமையாவதை எங்ஙனம் எதிர்வுகூறும்? எனினும் நுண்கட்ட முயற்சியையும் முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. அது ஏறத்தாழ பத்தாண்டுக் காலத்துக்கே நிகழ்த்தப்பட்டது; கடல் வெப்பநிலை வெளியிலிருந்தே வழங்கப்பட்டது. சாகேலின் ஊழைத் தீர்மானிப்பதிற் கடலுக்குரிய பங்கு மேலே கூறப்பட்டது. முகிலைத் திருத்திய முயற்சி கடலின் வழுவைத் திருத்திவிடவில்லை.

முடிவுரை

2024 பெப்ரவரியில் சாம்பியா அரசு வரட்சியைத் தேசிய அனர்த்தமாகப் பிரகடனஞ் செய்தது. மக்காச்சோளப் பயிர் கருகிற்று. சாம்பசி ஆற்றின் கரிபா நீர்த்தேக்கம் வற்றி மின்வெட்டு நீண்டது. நாட்டின் மின்சாரத்திற் பெரும்பகுதி நீர்மின்சாரமாயிருக்க, அடுத்த அணையைக் கட்டுவதா என்பதைத் தீர்மானிப்போர் மாதிரியுருக்களின் கூற்றையே நாடவேண்டியுள்ளது. அவர்கள் கையில் சராசரி வளைகோடு ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு ஆய்வாளர் ஒதுங்கிவிடல் முறையாகாது. இவ்விடயத்தில் எக்காரணத்தால் எக்கூற்று நம்பத்தக்கது, எக்கூற்று ஐயத்துக்குரியது என்பதையும் உடன் கூறுதல் அவர்தம் கடமையாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, ஆபிரிக்காவின் பருவங்களையும் மழைப்பட்டியின் பொதுவான அசைவையும் மாதிரியுருக்கள் காட்டுகின்றன. மழை பெய்யும் வேளை, கடுமை, பருவத்தின் தொடக்கம், முடிவு ஆகியவற்றில் அவை தடுமாறுகின்றன. மக்களின் வாழ்வு தங்கியிருப்பதோ பின்னையவற்றிலேயே. 2018 இல் ஆபிரிக்க ஆய்வாளரும் பிரித்தானிய ஆய்வாளரும் இணைந்து, ஆபிரிக்கக் கண்கொண்டு மாதிரியுருக்களை மதிப்பிடல் வேண்டும் என வலியுறுத்தினர். அக்கோரிக்கை வலுவானது. மாதிரியுருக்களிற் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கிழக்காசியாவிலும் ஆக்கப்பட்டவை. ஒரு வழுவைத் திருத்தும் அவசரம், அவ்வழுவால் பாதிக்கப்படுவோருக்கே மிகுதியாயிருக்கும். ஓய்ந்துபோன மழைமானிகளை மீண்டும் இயக்குவதும், அவ்வந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மாதிரியுருவைக் கேள்விகேட்க வல்ல ஆய்வாளரை உருவாக்குவதும், இன்னொரு மாபெரும் கணினியை நிறுவுவதற்கு எவ்வகையிலும் குறைந்த பணிகள் அல்ல.